நுவரெலியாவில் லாடம் அடித்துப் பிழைப்பது

நுவரெலியாவில் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைக்க முடியுமா என்று தோட்டத்து இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும் என்றுதான் சொல்கிறேன். இரும்பில் கிடைக்கும் காசைவிட, ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் லாயத்து வாசலில் போய் நிற்பதில் கிடைக்கும் காசே அதிகம் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு உலையும் பட்டடையும் விலைபேசப் போகிறவர்கள்தான் அதிகம். இரண்டாவது பாதி விளங்கியவர்கள் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே குளம்பைப் பற்றியும் கணக்குப் புத்தகத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் தாத்தா தோட்டத்துக் கொல்லுப்பட்டறையில் இருந்தவர். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு எல்லாம் அவர் கையில் உருவானவை. வண்டி மாடுகளுக்கு லாடமும் அடிப்பார். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, படுத்த நிலையிலேயே வேலையை முடிப்பார்கள். குதிரையிடம் அந்த வித்தை செல்லாது. அது நின்றபடியே தன் காலை நம் மடியில் வைக்கச் சம்மதிக்க வேண்டும். அரை டன் எடையுள்ள பிராணியிடம் சம்மதம் வாங்கத் தெரியாதவனுக்கு இரும்பை வளைக்கத் தெரிந்து ஒரு பயனும் இல்லை.

அதை எனக்குப் பழக்கியவர் ரேஸ்கோர்ஸ் லாயங்களில் வேலை பார்த்த ஒரு நானா. சுத்தியலைக் கையில் தருவதற்கு முன் பல மாதம் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையைத்தான் தந்தார். "முதலில் காதைப் பார் தம்பி, காலைப் பிறகு பார்க்கலாம்" என்பார். அவர் சொன்ன இரண்டு விதிகளை இன்றும் மீறுவதில்லை. கயிறு பிடிப்பவர் எப்போதும் நான் வேலை செய்யும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று தலையை இழுத்தால் குதிரையின் பின்புறம் என்மேல் திரும்பும். இரண்டாவது, வயதான குதிரையின் காலை நம் வசதிக்காக உயர்த்தக் கூடாது. அதற்கு மூட்டு வலிக்கும், வலித்தால் உதறும், உதறினால் நாம் அதைப் பொல்லாத குதிரை என்போம். குனிய வேண்டியது நாம்.

இங்குள்ள குதிரைகளின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றின் குளம்பு விளங்காது. ரேஸ்கோர்ஸ் 1875ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே. ஏப்ரல் வசந்த காலப் பந்தயங்களில் ஓடுவது தரோபிரெட் இனம். ஓட்டம் குறைந்ததும் அவற்றில் பல கைமாறி, கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்க வந்துவிடுகின்றன. நேற்று வரை புல்தரையில் அலுமினியத் தகட்டோடு ஓடியது, இன்று தார்ச்சாலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. தரோபிரெட்டின் குளம்புச் சுவர் மெல்லியது, அடித்தளமும் தடிப்பில்லை. பந்தயத் தகடு எடை குறைய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. தாரில் விரைவாகத் தேய்ந்துவிடும். வாவிக்கு வந்த குதிரையில் நான் செய்யும் முதல் வேலை அந்தத் தகட்டைக் கழற்றி, குளம்பைச் சீர்செய்து, இரும்பு லாடம் போடுவது. வாங்கியவர் "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்வார். அவர் குதிரைக்கு அப்போதுதான் காசைக் கொட்டியிருப்பார், சொல்லத்தான் செய்வார்.

இனி அந்த ஆறு வாரக் கணக்கு. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. மேலே மயிர் முடியும் விளிம்பிலிருந்து முன்நுனி வரை ஒரு முழுக் குளம்பு இறங்கிவர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். தேயிலைக் கவ்வாத்து தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை: இன்று வெட்டிய உயரத்தின் பலனைச் செடி மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும், வெட்டுக்காரன் அடுத்த மலைக்குப் போய்விட்டாலும். குதிரைக்காரரின் கண் லாடத்தில் இருக்கிறது. இரும்பு தேயவில்லையே, இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்கிறார். இரும்பு தேயாமல் இருக்கலாம்; குளம்பு வளர்வது நிற்பதில்லை. முன்நுனி நீள்கிறது, லாடமும் அதோடு முன்னால் நகர்கிறது, குதிப்பக்கம் தாங்கலில்லாமல் கீழே மடங்குகிறது. ஏற்றத்தில் ஏறும்போது நீண்ட நுனியைத் தாண்டிக் காலைப் புரட்ட வேண்டியிருப்பதால் பின்புறத் தசைநாருக்கு இழுவை கூடுகிறது. பதுளை வீதியிலிருந்து மேலே ஹோட்டல்களுக்கு ஏறும் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இழுவை எவ்வளவு என்று தெரியும். பிறகு ஒரு நாள் லாடம் பிடுங்கிக்கொண்டு போகும்போது சுவரில் ஒரு துண்டையும் சேர்த்துக்கொண்டு போகும். அடுத்த ஆணிக்கு இடமே இருக்காது.

எனவே பந்தயக் குதிரைக்கு நான்கைந்து வாரம், சவாரிக் குதிரைக்கு ஆறு வாரம், மிஞ்சினால் ஏழு. லாடம் தேயாமல் இருந்தால் கழற்றி, குளம்பைச் சீர்செய்து, அதே லாடத்தைப் புது ஆணியோடு மறுபடி அடித்துவிடலாம்; இரும்புக் காசு மிச்சம். இதைச் சொன்னதும் தேதியைத் தள்ளிப்போடும் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

சீர்செய்வதில் நான் பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. குதிரையைச் சமமான தரையில் நிறுத்திப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறேன். கணுவுக்குக் கீழே உள்ள சரிவும் குளம்பின் முன்சுவரின் சரிவும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒடிந்த கோடாகத் தெரிந்தால், நுனி நீண்டிருக்கிறதா, குதி உயர்ந்திருக்கிறதா என்று பார்த்து வெட்டுகிறேன். பிறகு நடக்கவிட்டுப் பார்க்கிறேன். குளம்பின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். வெகுகாலம் கோணலாக நின்ற குதிரையை ஒரே நாளில் நேராக்கப் போனால் மூட்டு நோகும். மூன்று நான்கு முறையாகப் பிரித்துச் செய்ய வேண்டும். அதற்கும் அந்தத் தேதிகள்தான் வேண்டும்.

மழைக்கு வருகிறேன். மலையகத்தில் லாடக்காரனின் உண்மையான எதிரி இதுதான். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஒக்டோபர், நவம்பரில் இடியோடு வேறு மழை. குளம்பு நீரை உறிஞ்சும். உறிஞ்சினால் மெத்தென்றாகும், விரியும். வெயில் வந்தால் சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கும்போது ஆணியின் பிடி தளர்கிறது. நல்ல வேலை செய்தும் ஜூலையில் லாடம் கழன்றால் லாடக்காரனைத்தான் திட்டுவார்கள். இதை மே மாதத்திலேயே சொல்லிவைத்துவிட வேண்டும். கழன்ற பிறகு சொன்னால் அது சாக்காகிவிடும்.

அதைவிட மோசம் குளம்பு அழுகல். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நடுவே மெத்தென்ற ஒரு முக்கோணம் இருக்கும். அதன் இருபுறமும் பள்ளம், நடுவிலும் ஒரு சிறு பள்ளம். சாணமும் சிறுநீரும் சேறும் அந்தப் பள்ளங்களில் அடைந்து காற்றில்லாமல் கிடந்தால் கிருமி பெருகும். கறுப்பாகக் கசியும், நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். நான் லாயத்துக்குள் நுழையும்போதே மூக்கு சொல்லிவிடும். நடுப்பள்ளம் ஆழமாகி, பின்புறக் குதிகளுக்கு இடையில் பிளவாக மேலே ஏறியிருந்தால் நோய் வெகுநாளாக இருக்கிறது என்று பொருள். அந்தக் குதிரை வலிக்குப் பயந்து குதியை ஊன்றாமல் நுனியால் நடக்கும். இறக்கத்தில் அப்படி நடக்கும் குதிரையின் முதுகில் பிள்ளையை ஏற்றுவது ஆபத்து.

இதற்கு மருந்தைவிடத் தரைதான் முக்கியம். தினமும் இரண்டு முறை, காலையும் மாலையும், குளம்புக் கொக்கியால் பள்ளங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். குதியிலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும். லாயத்துத் தரையில் மரத்தூளோ நெல் உமியோ தடிப்பாகப் போட்டு, ஈரமானதை அன்றன்றே அள்ள வேண்டும். மேலே உலர்ந்தும் அடியில் ஊறியும் கிடக்கும் மரத்தூள் கண்ணை ஏமாற்றும்; கையை விட்டுப் பார்க்க வேண்டும். நான் போகும் நாளில் முக்கோணத்தில் தொங்கும் கிழிசல்களை வெட்டிப் பள்ளத்துக்குள் காற்றுப் போகும்படி செய்கிறேன். அவ்வளவுதான் வெட்ட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று முக்கோணத்தைச் சீவித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காலின் மெத்தை, சீவினால் குதிரை கல்லில் நடக்காது. பிறகு தூரிகையால் கழுவி, நன்றாகத் துடைத்து, நீர்த்த அயடின் மருந்தில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் திணிக்கச் சொல்கிறேன். நாள்தோறும் மாற்ற வேண்டும். இரத்தம் கசிந்தாலும், கால் வீங்கினாலும் மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

பழைய எஞ்சின் ஒயிலைக் குளம்பில் பூசும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பளபளவென்று கறுப்பாகத் தெரியும். படம் எடுக்க வரும் பயணிகளுக்கும் பிடிக்கும். ஏற்கெனவே ஊறிய குளம்பின் மேல் அதைப் பூசினால் ஈரமும் கிருமியும் உள்ளேயே தங்கும். ஒயிலில் உள்ள உலோகக் கசடு வேறு. எத்தனையோ முறை சொல்லியாயிற்று. இன்னமும் சில லாயங்களில் அந்தத் தகரப் பேணி ஜன்னல் ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது.

மழை ஓய்ந்தால் பனி. ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலைப் பனி உறைந்து தேயிலைக் கொழுந்து கருகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே பனி குதிரைக்கு வேறு வழியில் கேடு செய்யும். புல் பகல் வெயிலில் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவில் வளர்வதற்கு அதைச் செலவழிக்கிறது. கடுங்குளிர் இரவில் வளர்ச்சி நின்றுவிடுவதால் சர்க்கரை செலவாகாமல் புல்லிலேயே தங்கிவிடுகிறது. காலையில் பனி மூடிய பச்சைப் புல்லை வயிறு நிறைய மேயும் குதிரைக்கு லெமினைட்டிஸ் வரலாம். குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிணைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள் பழுதாகும் நோய் அது. முற்றினால் பிணைப்பு விட்டு, எலும்பு உள்ளேயே கீழ்நோக்கிச் சாயும். கொழுத்த மட்டக்குதிரைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாவிக் கரையில் பயணிகள் அன்போடு ஊட்டும் பாணும் பிஸ்கட்டும் இதே கேட்டைத்தான் செய்கின்றன. "ஒரு துண்டுதானே அண்ணே" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்படி எத்தனை துண்டு என்று யார் எண்ணுகிறார்கள்?

அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். குதிரை முன்கால்களை முன்னால் நீட்டி, உடல் எடையைப் பின்கால்களுக்குத் தள்ளி நிற்கும். திரும்பச் சொன்னால் தயங்கும். குளம்பு சூடாக இருக்கும். கணுவின் பின்புறத்தில் விரலை வைத்தால் நாடி துள்ளும். நலமான குதிரையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கோலத்தில் ஒரு குதிரை நின்றால் நான் கருவிப் பையைத் திறப்பதில்லை. அன்றே மிருக வைத்தியர் வர வேண்டும். நடக்கவைக்கக் கூடாது, தடிப்பாகப் படுக்கை போட வேண்டும், பச்சைப் புல்லையும் தானியத்தையும் நிறுத்த வேண்டும். லாடக்காரனின் வேலை அதன் பிறகு, வைத்தியர் சொன்னபடி, முடிந்தால் எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு. பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது. ஆனால் நொண்டும் குதிரையை இந்த வளைவுகளில் லொறியில் ஏற்றி இறக்குவது லேசான காரியமில்லை. ஆகையால் பனிக்காலத்தில் வெயில் ஏறும் வரை மேயவிடாமல், காய்ந்த புல்லைப் போட்டுவைக்கும்படி டிசம்பரிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஒரு ரூபாய் கூட வாங்குவதில்லை. நோயில்லாத குதிரைதான் எனக்கு வருமானம்.

ஒரே காலில் திடீரென்று, தரையில் ஊன்றவே முடியாத நொண்டல் என்றால் பெரும்பாலும் உள்ளே சீழ் கட்டியிருக்கும். மழைக்காலத்தில் மெத்தென்றான அடித்தளத்தில் சிறு கல் ஏறினால் போதும். அதைத் தோண்டுவது வைத்தியர் பொறுப்பு. ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். குதிரைக்கு ஏற்பு நோய் எளிதில் தொற்றும், தொற்றினால் பிழைப்பது அரிது.

ஆணி அடிப்பதை எழுத்தில் கற்றுத்தர முடியாது. இருந்தாலும் சில விஷயங்களைச் சொல்லலாம். லாட ஆணியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நுனியில் சரிவு. சரிவும் கம்பெனி முத்திரையும் குளம்பின் உட்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆணி உள்ளே போகப் போக வெளிப்பக்கம் வளைந்து சுவரைத் துளைத்து வெளியேறும். திருப்பி வைத்தால் அது உயிர்ச்சதையை நோக்கிப் போகும். ஆணி நுழைய வேண்டிய இடம் வெள்ளைக்கோடு, அதாவது சுவரும் அடித்தளமும் சேரும் கோடு, அல்லது அதற்குச் சற்று வெளியே. லாடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வெளியே வந்தால் பிடி நன்றாக இருக்கும். குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி வேண்டாம். குதிப்பக்கம் ஒவ்வோர் அடிக்கும் விரிந்து சுருங்க இடம் வேண்டும்.

காதும் வேலை செய்ய வேண்டும். உறுதியான சுவரில் ஏறும் ஆணியின் ஓசை அடிக்கு அடி கணீரென்று உயரும். ஓசை மந்தமானாலோ, குதிரை காலைச் சட்டென்று இழுத்தாலோ நிறுத்துங்கள். ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள். ஈரமோ இரத்தமோ இருந்தால் அந்தத் துளையை அயடினால் கழுவி, காலியாக விட்டுவிடுங்கள். வேறு இடத்தில் ஆணி அடிக்கலாம். உரிமையாளரிடம் அப்போதே சொல்லுங்கள். நாளை நொண்டினால் அவருக்கு எப்படியும் தெரியும்; அப்போது குளம்போடு உங்கள் பெயரும் நொண்டும்.

தார்ச்சாலைக்கு ஒரு வார்த்தை. மழை பெய்த தாரில் தேய்ந்த இரும்பு வழுக்கும். தலைப்பகுதியில் டங்ஸ்டன் கார்பைட் பொதிந்த ஆணிகள் இருக்கின்றன. காலுக்கு இரண்டு போதும். எல்லாக் குதிரைக்கும் போட வேண்டாம். சற்றும் வழுக்காமல் சட்டென்று பிடித்து நிற்கும் காலின் அதிர்ச்சி மூட்டுக்குப் போகிறது. புல்வெளியில் மட்டும் நடக்கும் குதிரைக்கு அது வீண். முன்கால் லாடத்தின் பின்முனையையும் அதிகம் நீட்டிவிடக் கூடாது. இறக்கத்தில் பின்கால் அதை மிதித்துப் பிடுங்கிவிடும். லாடமே தேவைப்படாத குதிரைகளும் உண்டு. உறுதியான குளம்புள்ள மட்டக்குதிரை, வேலை குறைவு, புல்தரை என்றால் சீர்செய்து விட்டாலே போதும். அதைச் சொன்னால் வருமானம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். ஆறு வாரத் தேதி அந்தக் குதிரைக்கும் உண்டு, கூலி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போது காசு. இந்தத் தொழிலில் கெட்டுப்போனவர்களில் கை சரியில்லாமல் கெட்டவர்கள் சொற்பம். கூலியைக் கணக்கிடத் தெரியாமலும், கேட்கக் கூச்சப்பட்டும் கெட்டவர்கள்தான் அதிகம். லாடமும் ஆணியும் வாங்கிய விலையோடு கைக்கூலியைச் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார்கள். போக்குவரத்து எங்கே? தேயும் அரம் எங்கே? உலைக்கு எரிவாயு எங்கே? மழையில் வேலை நடக்காத நாள்களின் சோறு எங்கே? நான் நான்கையும் சேர்த்துத்தான் விலை வைத்திருக்கிறேன். கந்தப்பளைக்கும் ராகலைக்கும் ஒரு குதிரைக்காகத் தனியாகப் போவதில்லை. அந்தப் பக்கத்துக் குதிரைகளை ஒரே நாளில் சேர்த்து, பயணச் செலவை அவர்களுக்குள் பங்கிட்டுவிடுகிறேன். தனியாக அவசரம் என்று கூப்பிட்டால் தனி விலை. முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் பேசித் தேதியைப் பொருத்திக்கொள்வார்கள்.

கடன் பெரிய தொல்லை. சவாரிக் குதிரைக்காரரிடம் ஏப்ரலில் காசு புரளும். ஜூனில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரும் நம்மவர்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதித் தொங்கவிடுவது சும்மாவா? ஊரில் சீட்டுப் பிடிக்கும் முறையைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் வாரத்துக்கு ஒரு சிறு தொகை. சனிக்கிழமை மாலை வாங்கிக்கொள்கிறேன். ஆறாவது வாரம் நான் போகும்போது கூலி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். இதில் காசைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. கட்டிய காசு வீணாகக் கூடாது என்று அவரே ஃபோன் போட்டு, "அண்ணே, இந்த வாரம் நம்முடைய முறை" என்று நினைவூட்டுகிறார். தேதிக்காக நான் கெஞ்சிய காலம் போய்விட்டது.

கெட்ட வருடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் பயணிகள் வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டது. பெட்ரோலுக்கு வரிசை, பிறகு அதைப் பங்கிட்டுத் தர கியூ.ஆர். அட்டை. வெளிநாட்டு ஆணியின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அப்போது கைகொடுத்தது தாத்தாவின் கைத்தொழில். ஹார்ட்வெயார் கடையில் தட்டை இரும்புப் பட்டை வாங்கி, எரிவாயு இல்லாத நாளில் சிரட்டைக் கரியில் உலை மூட்டி, நானே லாடம் அடித்தேன். கழற்றிய பழைய லாடங்களில் நல்லவற்றை ஒட்டிச் சேர்த்தேன். ஆணியை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. அதனால் ஆறு மாதத்துக்கான ஆணி எப்போதும் வீட்டில், நீர் புகாத பேணியில், ஈரம் உறிஞ்ச ஒரு பிடி அரிசியோடு இருக்கிறது. இந்த ஊரின் ஈரத்தில் ஆணி துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

குதிரைக்கு ஒரு பக்கம் என்று கொப்பி வைத்திருக்கிறேன். தேதி, ஆணி அளவு, எந்தக் காலில் என்ன கண்டேன், அடுத்த தேதி. கூடவே கைப்பேசியில் படம்: எப்போதும் சமதரையில், ஒரே பக்கத்திலிருந்து, கைப்பேசியைத் தரையோடு வைத்து எடுத்தது. "போன முறை நீ வெட்டியதால்தான் நொண்டுகிறது" என்று ஒருவர் சண்டைக்கு வந்தால் படம் பேசும். வைத்தியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும். குதிரை கைமாறும்போது புதிய உரிமையாளருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். குதிரையோடு வேலையும் கைமாறி என்னிடமே வந்து சேர்கிறது.

ஏப்ரலைப் பற்றிக் கடைசியாக. பந்தயக் குதிரைகள், சவாரிக் குதிரைகள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை குவியும். பெப்ரவரி கடைசியிலேயே தேதிகளை நிரப்பிவிட்டு, வாரத்துக்கு ஒரு அரைநாளை அவசரத்துக்கென்று காலியாக வைத்திருக்கிறேன். ஒரு நாளில் என் முதுகு தாங்கும் எண்ணிக்கை எனக்குத் தெரியும்; அதற்கு மேல் ஒரு குதிரை கூட எடுப்பதில்லை. களைத்த கை கடைசிக் குதிரையின் ஆணியைத்தான் தவறாக அடிக்கும். பந்தயத்துக்கு முந்தைய நாள் புது லாடம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் இல்லை என்றே பதில். சில நாள் முன்பே அடித்துவிட்டால் ஏதாவது உறுத்தல் இருந்தால் தெரிந்துவிடும்.

தொடங்க நினைக்கும் தம்பிமாருக்கு: உலையும் பட்டடையும் முதலில் வேண்டாம். குளம்புக் கொக்கி, குளம்புக் கத்தி, வெட்டும் குறடு, 14 அங்குல அரம், இடுப்பில் கட்டித் தொடையை மூடும் தோல் முன்றானை, இவ்வளவு போதும். சீர்செய்யும் வேலையை மட்டும் ஒரு வருடம் யாராவது தெரிந்தவரோடு நின்று பழகுங்கள். மாலையில், சமமாக அராவிய குளம்பை ஒரு அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துவந்து, வீட்டில் அந்தக் கோட்டுக்குள் சரியாக அமரும்படி பழைய லாடத்தைத் தட்டிப் பழகலாம். முன்கால் குளம்பு வட்டமாகவும் பின்கால் குளம்பு சற்றுக் கூராகவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள். முன்றானையை நகரத்தில் செருப்புத் தைப்பவரிடமே தைத்துக்கொள்ளலாம். இரண்டு தொடைக்கும் தனித்தனியாகப் பிரித்து, ஆணி மாட்டினால் கிழிந்து விடுபடும்படி வார்களைப் பலமில்லாத நூலில் தைக்கச் சொல்லுங்கள். கெட்டியாகத் தைத்துத் தருவதுதான் அவருக்குப் பெருமை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.